பாட்டியின் பாட்டு: டி.கே. பட்டம்மாள் நினைவலைகள்

முக்தி தரும் நகரங்கள் ஏழு என்று நம் புராணங்கள் கூறுகின்றன. அயோத்தி, மதுரா, மாயை எனப்படும் ஹரித்துவாரம், காசி, காஞ்சி, அவந்தி, துவாரகை என்னும் அவ்வேழனுள் தென்னாட்டில் அமைந்தது காஞ்சி ஒன்றே. அந்நகரத்துச் சிவாலயங்களைத் தரிசித்த அன்பர்கள் ஒரு செய்தியைக் கவனித்திருப்பார்கள். அங்கே சிவன் கோயில்களில் அம்பிகைக்கெனத் தனிச் சந்நிதி அமைவது வழக்கமில்லை. காமகோட்டத்தில் வீற்றிருக்கும் காமாட்சி அன்னையே ஊரிலுள்ள ஆலயங்கள் அனைத்துக்கும் பொதுவான அம்பிகை என்று பெரியோர் விளக்கம் கூறுவர்.

ஊருக்கெல்லாம் ஒரே தாய் என்று விளங்கும் அந்தத் திருத்தலத்தில் 1919ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அலமேலு என்று பெயரிட்டனர்; வீட்டார் 'பட்டா' என்று செல்லமாக அழைத்தனர். அந்தச் செல்லப் பெயரே வளர்ந்து பட்டம்மாள் ஆயிற்று. தந்தையின் ஊரான தாமல், தந்தையின் பெயரான கிருஷ்ணசுவாமி ஆகிய இரண்டும் முன்னெழுத்துகளாக நிற்க, இசையுலகம் அவரை டி.கே. பட்டம்மாள் என்று அறிந்தது. தொண்ணூறு ஆண்டுகள் நிறைவாழ்வு வாழ்ந்து, 2009ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் சென்னையில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய சங்கீத மேதைமையை எடுத்துரைக்க வித்வான்கள் இருக்கிறார்கள். கச்சேரி மேடைக்கு எதிரே பின்வரிசையில் அமர்ந்து கேட்ட ஓர் எளிய ரசிகன் நான். அந்த அம்மையாரை ஒரு மகளாக, தாயாக, மாமியாராக, பாட்டியாக நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் அவருடைய வாழ்வில், நம் ஒவ்வோர் இல்லத்துக்கும் உரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

பாடத் தெரிந்தும் பாடாத தாய்

பட்டம்மாளின் தாயார் பெயர் காந்திமதி. ராஜம்மாள் என்றும் அழைப்பர். அவர் நன்றாகப் பாடக்கூடியவர். ஆயினும் அக்காலத்து ஆசாரக் கட்டுப்பாட்டின் காரணமாக, வெளியார் முன்னிலையில் மட்டுமன்று, உற்றார் உறவினர் கூடியிருக்கும்போதும் அவர் பாட அனுமதிக்கப்படவில்லை.

இதை இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் வியப்படைவார்கள். நம் தலைமுறையினர் வியப்படைய மாட்டோம். அடுக்களையில் மாவரைக்கும்போதும், துளசி மாடத்துக்குக் கோலமிடும்போதும், தூளியை ஆட்டும்போதும் தாமே பாடிக்கொண்டிருந்த பாட்டிமார்களை நாம் கண்டிருக்கிறோம். திண்ணையில் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தப் பாட்டு சட்டென்று நின்றுவிடும். வந்தவர் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து மெல்லிய குரலில் மீண்டும் தொடரும். எத்தனையோ இல்லங்களில் எத்தனையோ நல்ல குரல்கள் இவ்வாறு நான்கு சுவர்களுக்குள்ளேயே பிறந்து, அங்கேயே அடங்கியும் போயின.

அக்காலத்தில் பெண்கள் மேடையில் பாடவே இல்லை என்று யாரும் எண்ணிவிடலாகாது. இசை வேளாளர் மரபில் தோன்றிய பெண்மணிகள் இந்தக் கலையைக் கோயிலிலும் சபையிலும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்துவந்தார்கள். வீணை தனம்மாளின் புகழை அறியாத ரசிகர் இல்லை. ஆனால் ஆசாரம் மிகுந்த பிராமணக் குடும்பத்துப் பெண்ணொருத்தி மேடையேறிக் கச்சேரி செய்வது என்பது அன்றைய சமூகத்தில் எண்ணிப் பார்க்கவும் இயலாத காரியமாக இருந்தது. அத்தகைய வீட்டில்தான் பட்டம்மாள் பிறந்தார்.

கேட்டதை எழுதிய சிறுமி

தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதர் சங்கீதத்தில் ஈடுபாடு மிக்கவர். மகளுக்குச் சிறு வயதிலேயே சுலோகங்களையும் பக்திப் பாடல்களையும் கற்பித்தார். ஒரே ஆசிரியரிடம் பல ஆண்டுகள் தங்கிப் பயிலும் குருகுலவாசம் பட்டம்மாளுக்கு வாய்க்கவில்லை. அவருக்குக் காஞ்சி மாநகரமே குருகுலமாக அமைந்தது.

அந்நாளில் காஞ்சியில் சங்கீத சிங்கமென விளங்கியவர் நாயனாப் பிள்ளை. தாள நுட்பங்களிலும் பல்லவி பாடுவதிலும் அவருக்கு நிகரில்லை என்பர். அவர் ஆண்டுதோறும் காஞ்சியில் தியாகராஜ உற்சவம் நடத்திவந்தார். அங்கே பெரிய வித்வான்களின் கச்சேரிகளைச் சிறுமி பட்டா கேட்பாள். வீடு திரும்பியதும் கேட்ட கிருதிகளையும், ராகங்களில் மனத்தைத் தொட்ட பிடிகளையும் எழுதி வைத்துக்கொள்வாள். உடன்பிறந்த சகோதரர்கள் அதற்குத் துணை நிற்பார்கள். ஒலிப்பதிவுக் கருவியொன்றும் வீட்டில் இல்லாத அந்த நாளில் காதும் கையும் நினைவாற்றலுமே கருவிகள். அந்த உற்சவத்தில் ஓராண்டு நடைபெற்ற போட்டியில் பைரவி ராகத்தில் அமைந்த தியாகராஜ கிருதி ஒன்றைப் பாடிச் சிறுமி முதற்பரிசு பெற்றாள்.

1932ஆம் ஆண்டு, தம் 13ஆம் வயதில், சென்னையில் பட்டம்மாள் பொதுமேடையில் முதன்முதலாகக் கச்சேரி செய்தார். அடுத்த ஆண்டு குடும்பம் சென்னைக்கே குடிபெயர்ந்தது. உறவினர் முன்னிலையிலும் பாடக்கூடாது என்றிருந்த தாய். ஊரார் முன்னிலையில் அமர்ந்து பாடிய மகள். இருவரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இந்த மாற்றத்தின் அருமையை நாம் நின்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்ணின் குரல் வெளியே கேட்டால் நாளை நல்ல வரன் அமையுமோ என்று தகப்பன்மார்கள் அஞ்சிய காலம் அது. அக்காலத்தில் மகளைப் பாட அனுமதித்த தந்தையின் துணிவும் போற்றுதற்கு உரியதே.

தாய் அந்தக் கச்சேரிகளைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பெண்ணைப் பெற்ற எந்தத் தாயும் அதனைத் தானே உணர்ந்துகொள்ளலாம்.

தெய்வத்தைக் கண்முன் நிறுத்திய குரல்

பட்டம்மாளின் பாட்டைக் கேட்ட பக்தர்கள் ஒரு குணத்தைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். சொல் சிதையாது. சமஸ்கிருதமோ, தெலுங்கோ, தமிழோ, எம்மொழிப் பாடலாயினும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக ஒலிக்கும். சந்நிதியில் அர்ச்சகர் நாமாவளியை நிறுத்தி உச்சரிக்கும்போது நமக்கு உண்டாகும் நிறைவு, அவர் பாடக் கேட்கும்போதும் உண்டாகும்.

இதற்குக் காரணம் அவர் கற்ற இடங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை அம்பி தீட்சிதரிடம் பயின்றார். அம்பி தீட்சிதர், 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலை 1904ஆம் ஆண்டு வெளியிட்ட எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் திருக்குமாரர். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்ப மரபில் வந்தவர். அவரிடம் பயின்ற மற்றொருவரான நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயரிடமும் பட்டம்மாள் பல கிருதிகளைக் கற்றார். ஆகவே தீட்சிதர் கிருதிகள் அவருக்கு ஊற்றுக்கு மிக அருகிலிருந்தே கிடைத்தன எனலாம்.

தீட்சிதருக்கும் காஞ்சிக்கும் உள்ள தொடர்பை அன்பர்கள் அறிவார்கள். அவர் காஞ்சியில் சில காலம் தங்கி அன்னை காமாட்சியைப் பாடியவர். பஞ்சபூதத் தலங்களைப் போற்றி அவர் இயற்றிய ஐந்து கிருதிகளுள், பிருதிவித் தலமான காஞ்சி ஏகாம்பரநாதர்மீது அமைந்த கிருதி பைரவி ராகத்தில் உள்ளது. காஞ்சியில் பிறந்த பெண், காஞ்சி நாதனைப் பாடிய மகானின் கிருதிகளைத் தம் வாழ்நாள் சொத்தாகப் பெற்றார் என்பதில் அன்னையின் அருளைக் காண்கிறேன்.

திருப்புகழை அப்பாதுரை ஆச்சாரியிடம் கற்றார். அருணகிரிநாதரின் சந்தங்களைப் பாடுவது எளிதன்று. தாளம் சற்றே பிசகினாலும் சொல் இடம் மாறி விழும். பட்டம்மாள் பாடும் திருப்புகழில் சந்தமும் சொல்லும் கைகோத்து நடக்கும். பாபநாசம் சிவன் இயற்றிய கீர்த்தனைகள் பலவற்றை அவரிடமிருந்தே நேரில் கற்று, தமிழ் மக்களிடையே பரப்பினார்.

அக்காலத்தில் ராகம் தானம் பல்லவி என்பது ஆண் வித்வான்களின் தனியுரிமையாகக் கருதப்பட்டது. ஒரு ராகத்தை விரிவாக ஆலாபனை செய்து, தானம் பாடி, ஒரே வரியைத் தாளக் கணக்கு வழுவாமல் பல காலங்களில் திருப்பித் திருப்பிப் பாடுவது அதன் இலக்கணம். மனத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேட்பவர் செவியில் ராகம் மட்டுமே ஒலிக்க வேண்டும். நாயனாப் பிள்ளையின் பல்லவிகளைக் கேட்டு வளர்ந்த பட்டம்மாள், மேடையில் ராகம் தானம் பல்லவி பாடிய முதல் பெண்மணி என்ற பெருமையைப் பெற்றார். 'பல்லவி பட்டம்மாள்' என்றே ரசிகர்கள் அழைக்கலாயினர். எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.எல். வசந்தகுமாரி ஆகியோருடன் சேர்த்து மும்மூர்த்திகள் என்று போற்றப்பட்டார்.

திரைப்படத்துறையிலிருந்தும் அவருக்கு அழைப்புகள் வந்தன. தெய்வத்தைப் பாடுவதாயினும் தேசத்தைப் பாடுவதாயினும் பாடுவேன், காதல் பாட்டுப் பாடமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கி, 1939ஆம் ஆண்டு வெளிவந்து, பின்னர் ஆங்கில அரசு தடை செய்த 'தியாக பூமி' படத்தில் தேச சேவைக்கு அழைக்கும் பாடலைப் பாடியவர் அவரே. 1947ஆம் ஆண்டு வெளியான 'நாம் இருவர்' படத்தில் பாரதியார் பாடல்களைப் பாடினார். சுதந்திரம் வந்துவிட்டதாகவே எண்ணிக் களித்துப் பாரதியார் பாடிவைத்த பாடல் அவற்றுள் ஒன்று. அந்த மகாகவி 1921ஆம் ஆண்டு மறைந்தபோது பட்டம்மாள் இரண்டு வயதுக் குழந்தை. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விடுதலையை வரவேற்று அவர் குரல் வானொலியில் ஒலித்தது. பாடக்கூடாது என்றிருந்த தாயின் மகள், நாட்டின் விடுதலையைப் பாடும் பேறு பெற்றார்.

இல்லத்தரசியாகவும் இசையரசியாகவும்

இருபது வயதை ஒட்டி பட்டம்மாளுக்கும் ஆர். ஈஸ்வரனுக்கும் திருமணம் நடைபெற்றது. திருமணத்தோடு பாட்டை நிறுத்திவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். ஈஸ்வரன் தம் மனைவியின் சங்கீதத்துக்கு உற்ற துணையாக நின்றார். சிவகுமார், லட்சுமணகுமார் என்று இரு புதல்வர்கள் பிறந்தனர். வீடு, குழந்தைகள், விருந்தினர், பண்டிகை, கச்சேரிப் பயணம் ஆகிய அனைத்தையும் தூக்கிச் சுமந்த வாழ்க்கை அது.

தம்பி டி.கே. ஜெயராமனுக்கு அக்காவே குருவானார். ஜெயராமன் பல ஆண்டுகள் அக்காவுடன் மேடையில் அமர்ந்து இணைந்து பாடினார். பின்னர்த் தாமே பெரிய வித்வானாக விளங்கினார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அக்காவுக்கு 1970ஆம் ஆண்டிலும் தம்பிக்கு 1990ஆம் ஆண்டிலும் கிடைத்தது. தம்பிக்கு அந்தப் பட்டம் கிடைத்ததைக் கண்ணாரக் கண்ட அக்காவுக்கு, 1991ஆம் ஆண்டிலேயே தம்பியை இழக்கும் துயரமும் வந்தது. தாம் கற்பித்து வளர்த்த இளையவனை இழப்பது, நீண்ட ஆயுளோடு சேர்ந்து வரும் சோதனை. நீண்ட நாள் வாழ்ந்த மூதாட்டியரின் வரலாற்றில் இத்தகைய பக்கங்கள் இல்லாமல் இருப்பதில்லை. அந்தத் துயரங்களுக்குப் பின்னும் விளக்கேற்றி, சுருதி கூட்டி, அடுத்த பிள்ளைக்குப் பாடம் சொன்னார்கள் என்பதே அவர்களுடைய பெருமை.

மாமியாரும் மருமகளும் ஒரே மேடையில்

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்தவர். அவர் முதன்முதலாக ஒரு பெண் வித்வாம்சினிக்கு வாசித்தார் என்றால், அது பட்டம்மாளுக்கே. பட்டம்மாளின் மூத்த மகன் சிவகுமார் மணி ஐயரிடம் மிருதங்கம் பயின்றவர். மணி ஐயரின் புதல்வி லலிதா, சிவகுமாரின் மனைவியாக அந்த வீட்டுக்கு வந்தார்.

நம் இல்லங்களில் மாமியார், மருமகள் என்றாலே சிலர் வேறு விதமாகச் சிரிப்பதுண்டு. அந்த வீட்டில் மருமகள், மாமியாரின் சிஷ்யையானார். கச்சேரி மேடையில் மாமியாருக்குப் பக்கத்தில் அமர்ந்து உடன் பாடினார். பிறந்த வீட்டின் லயமும் புகுந்த வீட்டின் ராகமும் அவரிடத்தில் ஒன்றுசேர்ந்தன. தாம் கற்ற வித்தையைத் தாம் பெற்ற மகளுக்குத்தான் தருவேன் என்று எண்ணாமல், வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு மனமுவந்து தந்த மாமியார் பட்டம்மாள். மகள் இல்லாத வீட்டில் மருமகளே வித்தையின் வாரிசானார். இதைப் படிக்கும் மாமிமார்கள் ஒரு நிமிடம் இங்கே நிறுத்தி யோசிப்பார்களாக.

பேத்தி நித்யஸ்ரீ 1973ஆம் ஆண்டு பிறந்தார். தந்தைவழிப் பாட்டி பட்டம்மாள். தாய்வழித் தாத்தா மணி ஐயர். தாயார் லலிதாவிடமும் பாட்டியிடமும் இசை கற்று, 1987ஆம் ஆண்டு, தம் 14ஆம் வயதில் முதற்கச்சேரி செய்தார். இன்று உலகெங்கும் தமிழர் கூடும் சபைகளில் அவர் குரல் ஒலிக்கிறது. பட்டம்மாளின் கொள்ளுப்பேத்திகளும் பாடுகிறார்கள்.

ஒருமுறை தலைமுறைகளை எண்ணிப் பாருங்கள். பாடத் தெரிந்தும் பாடாத காந்திமதி; பாடிக்காட்டிய பட்டம்மாள்; உடன் பாடிய மருமகள் லலிதா; பாட்டின் வழியே உலகை வலம்வரும் பேத்தி நித்யஸ்ரீ; அவருக்குப் பின் அடுத்த தலைமுறைப் பெண்கள். அந்த முதல் தாயின் பாட்டு அடைபட்டுப் போகவில்லை. நிலத்துக்கடியில் ஓடும் பாலாற்று நீர்போல் மறைந்து ஓடி, மகளிடத்தில் ஊற்றாகப் பெருகிப் பேத்தியின் காலத்தில் வெள்ளமாயிற்று.

வீணை தனம்மாளின் இல்லமும் இவ்வாறே விளங்கியது. அந்த அம்மையாரின் பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் இசையிலும், பாலசரஸ்வதி பரதத்திலும் பெரும்புகழ் பெற்றார்கள். பாட்டி இருக்கும் வீடே ஒரு குருகுலம் என்பதற்கு இவ்விரு குடும்பங்களும் சான்றாகும்.

பட்டம்மாளின் அன்பு தம் இரத்த உறவோடு நின்றுவிடவில்லை. ஜப்பான் நாட்டவரான அகிரா இயோ என்பவரும் அவரிடம் சிஷ்யராக அமர்ந்து கர்நாடக சங்கீதம் பயின்றார். கடல் கடந்து வந்தவருக்கும் அந்தப் பாட்டியின் வீட்டில் இடம் இருந்தது. 1971ஆம் ஆண்டு பத்ம பூஷணும், 1998ஆம் ஆண்டு பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. எண்பதை நெருங்கிய வயதில் அத்தகைய விருதைப் பெற்றவர், தம் இசையைப் பிறர்க்கு ஊட்டிக்கொண்டே இருந்தார் என்பதே எனக்கு அவ்விருதினும் பெரிதாகத் தோன்றுகிறது.

நியமனப் படிவம் இல்லாத சொத்து

வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். வைப்புத்தொகை போட வரும் முதியவர்களிடம், "நாமினேஷன் செய்துவிட்டீர்களா?" என்று கேட்பது என் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. அவர்களும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மகன் பெயரையோ மகள் பெயரையோ எழுதிக் கையொப்பமிடுவார்கள். நகைக்கு உயில் இருக்கிறது. நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறது. வைப்புத்தொகைக்கு நியமனம் இருக்கிறது. அறுபது எழுபது ஆண்டுகளாக நெஞ்சில் சேர்த்து வைத்த பாட்டுக்கு என்ன இருக்கிறது? அதற்குப் படிவம் இல்லை. வைத்திருப்பவர் போனால் அதுவும் உடன் போய்விடும்.

என் தாயார் 91 வயது வரை வாழ்ந்தவர். சபையில் பாடியவர் அல்லர். ஆனால் நவராத்திரிக் கொலுவுக்கு ஒன்பது நாளும் ஒன்பது பாட்டு, கல்யாணத்தில் ஊஞ்சலுக்கு, நலங்குக்கு, சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்வதற்கு, பிள்ளைக்குக் காப்பிடுவதற்கு, ஆரத்தி எடுப்பதற்கு என்று தனித்தனியாகப் பாட்டுகள் அவரிடம் உண்டு. அவற்றுள் பல எந்தப் புத்தகத்திலும் அச்சேறாதவை. அவருடைய பாட்டி, திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கற்றுக்கொடுத்தவை. என் தமக்கையார் ஒரு கோடைக்காலம் முழுவதும் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல 40 பக்க நோட்டுப் புத்தகங்கள் இரண்டில் அவற்றை எழுதி முடித்தார். மெட்டு மறக்காமலிருக்க, ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் அதே மெட்டில் நமக்குத் தெரிந்த வேறொரு பாட்டின் பெயரைக் குறித்து வைத்தார்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் அம்மாவுக்கு நினைவு மங்கியது. என்னைச் சில நாட்களில் தம் அண்ணா என்று எண்ணி அழைப்பார். காலையில் சாப்பிட்டது நினைவில் இராது. ஆனால் விளக்கேற்றும் வேளையில் என் மனைவி ஒரு பாட்டின் முதலடியைத் தொடங்கினால், அம்மா கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் அடியை எடுத்துவிடுவார். மங்களம் வரை ஒரு சொல் பிழையாது. பேச்சு நின்ற பிறகும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பெற்ற பிள்ளையின் பெயர் போன பிறகும், சிறுமியாக இருந்தபோது பாட்டி கற்றுத்தந்த தெய்வத்தின் பெயர் போகவில்லை. இளமையில் கற்ற பாட்டு, முதுமையில் கையைப் பிடித்துக்கொண்டு நடத்திச் செல்லும் துணை என்பதை நான் கண்ணால் கண்டேன்.

இன்று எங்கள் குடும்பத்து நவராத்திரியில் அந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து என் மருமகள் பாடுகிறாள். வெளிநாட்டில் இருக்கும் பேத்தி தொலைபேசியில் கேட்டு, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறாள். உச்சரிப்புச் சற்று முன்பின்னாக இருக்கிறது. இருந்தால் என்ன? அம்பாள் குழந்தையின் மழலையைக் கேட்டுக் குறை சொல்பவள் அல்லளே!

நாம் செய்யத்தக்கது

இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். "எனக்கென்ன தெரியும்? நான் பட்டம்மாளா?" என்று கேட்பீர்கள். பட்டம்மாளின் தாயாரும் மேடை ஏறியவர் அல்லர் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த பாட்டுகளின் முதலடிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே நாளில் எல்லாம் நினைவுக்கு வரமாட்டா. ஒரு வாரம் தாள் பூஜையறையிலேயே இருக்கட்டும். கோயிலுக்குப் போகும் வழியில் ஒன்று, பூத்தொடுக்கும்போது ஒன்று என்று தாமாகவே வந்து சேரும். அடுத்ததாக, ஒவ்வொரு பாட்டின் சொற்களையும் யாரேனும் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கினால் பேரன் எழுதட்டும். எழுதும்போதே அவனுக்குப் பாதி மனனம் ஆகிவிடும். மூன்றாவதாக, கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குரல் உடைந்திருக்கிறதே என்று கூச வேண்டாம். சபைக்காக அன்று, சந்ததிக்காகப் பாடுகிறீர்கள். பாட்டின் நடுவே இருமினாலும் அதுவும் நாளை அவர்களுக்குப் பொக்கிஷமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரில் கற்பியுங்கள். பதிவு செய்த பாட்டு அலமாரியில் தூங்கும். கற்றுக்கொண்ட பாட்டு வீட்டில் உலவும். மகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் மருமகளுக்கும், பேத்திக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் பேரனுக்கும் சொல்லித் தாருங்கள். ஆண்டுக்கு ஒரு பாட்டு போதும். ஐந்து வயதில் தொடங்கினால், கல்யாண வயதில் இருபது பாட்டுகள் அந்தக் குழந்தையின் சீதனமாகச் சேர்ந்திருக்கும்.

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டியின் மருந்தையும் மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுக்கிறீர்கள், நன்று. அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். "பாட்டி, எனக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடு" என்று பேரப்பிள்ளை வந்து உட்கார்ந்தால், அந்த முகத்தில் தோன்றும் தெளிவு எந்த மருந்திலும் வராது. தம்மிடம் கேட்டுப் பெறுவதற்கு இன்னும் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்த முதியவர்கள் நாளை எதிர்நோக்கிக் கண் விழிக்கிறார்கள்.

காஞ்சிக்குச் செல்லும்போது காமாட்சி அன்னையின் சந்நிதியில், பத்மாசனத்தில் அமர்ந்து கரும்பு வில்லும் மலர்க் கணைகளும் தாங்கி விளங்கும் அந்தத் தாயின் முன்னே, உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றை வாய்விட்டுப் பாடுங்கள். பக்கத்தில் நிற்கும் பேத்தியையும் கூடப் பாடச் சொல்லுங்கள். அன்று காந்திமதி அம்மையாரால் பாட இயலாத பாட்டை இன்று நீங்கள் தடையின்றிப் பாடலாம். வரும் நவராத்திரிக்குள் உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் முதல் பாட்டு ஏறட்டும். அன்னை காமாட்சி அதற்குத் துணை நிற்பாளாக.